ஓட்டமும் தேக்கமும்

மதுரை மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், கரிசல் மண்ணும் மானாவாரிப் பருத்தியும் நிறைந்த பேரையூர் வட்டத்திலே டி. கல்லுப்பட்டி என்றோர் ஊர் உண்டு. 1940-இல் அங்கே தோன்றிய காந்தி நிகேதன் ஆசிரமத்தை அறியாதவர் அப்பகுதியில் இலர். பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பா தம் வாழ்நாளின் கடைசி ஆண்டுகளைக் கழிக்கத் தேர்ந்துகொண்ட இடம் அதுவே. 1892-இல் தஞ்சையில் பிறந்து, இலண்டனில் கணக்கியலும் நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளியலும் கற்று, பம்பாயில் கணக்காய்வாளராக வளமாக வாழ்ந்த ஒருவர், அவ்வளவையும் உதறிவிட்டுக் காந்தியடிகளுடன் சேர்ந்தார். 1934-இல் உருவான அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தினார். 1950-களில் இந்தக் கரிசல் காட்டுக்கு வந்து சேர்ந்தார். 1960 ஜனவரி 30-ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே நாளில், அவரும் மறைந்தார்.

குமரப்பாவைப் பற்றி எழுதப் புகுந்தோமல்லோம். ஆனால் நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு அவருடைய கருத்தொன்று வாயிலாக அமைகிறது. உலகிலுள்ள செல்வத்தை அவர் இரண்டாகப் பகுத்தார். ஒன்று தேங்கிக் கிடப்பது. நிலக்கரியும் பெட்ரோலும் இரும்புத் தாதும் போன்றது. எடுக்க எடுக்கக் குறைவது. குறைவதாலேயே அதன்மேல் போட்டி எழுகிறது. போட்டி முற்றிப் போராகிறது. மற்றொன்று ஓடிக்கொண்டே இருப்பது. ஆற்று நீரும், காற்றும், வெயிலும், வளர்ந்துகொண்டிருக்கும் காடும் போன்றது. இதை நாம் எடுத்தாலும் மீண்டும் வருகிறது. தேக்கத்தை நம்பிய பொருளாதாரம் வன்முறையில் முடியும், ஓட்டத்தை நம்பிய பொருளாதாரமே நிலைக்கும் என்பது அவருடைய முடிவு. இரண்டாம் உலகப் போரின் புகை அடங்காத நாளில் எழுதப்பட்ட கருத்து அது. இன்று காற்றாலைகளையும் சூரியத் தகடுகளையும் காணும்போது, அன்று அதைக் கேட்டுச் சிரித்தவர்கள் இன்று என்ன சொல்வார்கள் என்று எண்ணத் தோன்றுகிறது.

எனினும் அவருடைய பகுப்பில் ஒரு சிக்கல் உண்டு. ஓடுகின்ற செல்வம் தன் வேளையில் ஓடுமேயன்றி நம் வேளைக்கு ஓடாது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள்; ஐப்பசியில் ஓர் இலையும் அசையாது. நண்பகல் வெயிலில் மூளை கொதிக்கும். மஃரிபு வேளையில், வீட்டு விளக்குகள் யாவும் ஒருசேர ஏற்றப்படும் அந்த நேரத்தில், கதிரவன் இல்லை. ஆகவே ஓட்டத்தை நம்பி வாழ விரும்புவோர்க்கும் ஒரு தேக்கம் வேண்டியிருக்கிறது. அந்தத் தேக்கத்தைத் தமிழ்நாடு எங்கெங்கே தேடிற்று, அதன் பாரத்தை யார் தோளில் வைத்தது என்பதே நம் பேச்சு.

முன்னோர் இந்தச் சிக்கலை அறியாதவர் அல்லர். ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் எழுதிய புவியியல் அறிஞர் இஸ்தக்ரீ, பாரசீகத்தின் கிழக்கெல்லையான ஸிஜிஸ்தான் நாட்டைக் காற்றும் மணலும் மிகுந்த பூமி என்றும், அங்குள்ளோர் காற்றைக்கொண்டு ஆலை சுழற்றுகின்றனர் என்றும் குறித்து வைத்தார். கோடையில் ஏறத்தாழ நூற்றிருபது நாள் ஓயாமல் வீசும் காற்று அது. அந்நாள்களில் தானியம் அரைபடும். காற்று நின்றபின் ஆலையும் நிற்கும். ஆனால் மாவு இருக்கும். காற்றின் வலிமை மாவாக உருமாறிப் பானையில் உட்கார்ந்துகொண்டது என்று சொன்னால் மிகையன்று. நம் நாட்டுக் கவலை ஏற்றமும் அப்படித்தான். மாடுகள் விடியலில் இழைத்த உழைப்பு நீராகத் தொட்டியில் நின்றது. மாடு ஓய்ந்தபின்னும் வாய்க்காலில் அது ஓடிற்று.

மின்சாரத்தின் இயல்பு இதற்கு நேர்மாறானது. அது மாவாகாது, தொட்டியில் நில்லாது. ஓரிடத்தில் பிறந்த அதே நொடியில் மற்றோரிடத்தில் செலவாக வேண்டும். பிறப்பும் செலவும் ஒத்திருக்கும்வரை மின்தொகுப்பு நொடிக்கு ஐம்பது அதிர்வுகள் என்னும் தாளத்தில் இயங்கும். செலவு கூடினால் தாளம் தளர்கிறது. பிறப்பு கூடினால் விரைகிறது. இரண்டும் எல்லை கடந்தால் இயந்திரங்கள் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே அறுத்துக்கொள்ளும். ஒன்று போனால் அதன் சுமை மற்றொன்றின்மேல் விழ, அதுவும் போகும். 2012 ஜூலை 30, 31 ஆகிய இரு நாள்களில் வட இந்தியா இருளில் மூழ்கியது இவ்வாறுதான். தென்னகம் அப்போது தனித் தொகுப்பாக இருந்தமையால் தப்பியது. 2013-ஆம் ஆண்டின் கடைசி நாளில் ராய்ச்சூர் – சோலாப்பூர்த் தடத்தின் வழியே நாமும் அந்தப் பெருந்தொகுப்போடு இணைந்தோம்.

தமிழ்நாட்டு மின்சாரத்தின் தொடக்கம் மலை நீரில் இருக்கிறது. நீலகிரியில் பைக்காரா 1932-இலும், அதன்பின் மேட்டூர் 1937-இலும், பாபநாசம் 1944-இலும் இயங்கத் தொடங்கின. அணையில் நிற்கும் நீர் ஒரு தேக்கமே. வேண்டும்போது மதகைத் திறந்தால் வேண்டிய அளவு மின்சாரம் கிடைத்தது. ஆதலால் அந்நாளில் மின்சாரத்தைச் சேமிப்பது பற்றித் தனியே யாரும் கவலைகொள்ள நேரவில்லை. ஆனால் அணை நீருக்கு இரண்டு எசமானர்கள். முல்லைப் பெரியாற்றை எடுத்துக்கொள்வோம். பென்னிகுக் 1895-இல் கட்டி முடித்த அணையின் நீர், மலையைக் குடைந்து கிழக்கே திருப்பப்பட்டு, லோயர் கேம்பில் இறங்குகிறது. அந்த இறக்கத்திலே 1958-இலிருந்து 1965-க்குள் முப்பத்தைந்து மெகாவாட் திறனுள்ள நான்கு இயந்திரங்கள் நிறுவப்பட்டன. இங்கே நீர் எப்போது இறங்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது கம்பம் பள்ளத்தாக்கின் நாற்றும் மதுரைச் சீமையின் வயலுமே. மின்சாரம் வந்த வழியில் கிடைத்த கூலி. பேரையூர்க் கரிசலின் பெரும்பகுதி மழையையும் கிணற்றையும் நம்பி இருப்பது. பெரியாற்று நீரின் பயன் அதற்குக் கிட்டவில்லை. கம்பியில் கலந்து வரும் மின்சாரத்தில் மட்டுமே அதற்குப் பங்கு.

பின்னர் நிலக்கரி வந்தது. நெய்வேலியும் எண்ணூரும் தூத்துக்குடியும் மேட்டூர் அனல் நிலையமும் ஒவ்வொன்றாக எழுந்தன. அனல் நிலையம் அணை மதகு போன்றதன்று. அதன் கொதிகலனை மாலையில் மூட்டி நள்ளிரவில் அவிக்க இயலாது; இரவெல்லாம் கனன்றுகொண்டே இருக்க வேண்டும். ஊர் உறங்கும் வேளையில் அந்த மின்சாரத்தை என்ன செய்வது? இந்த வினாவுக்கு விடையாகவே கடம்பாறை பிறந்தது.

ஆனைமலைத் தொடரில், பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை செல்லும் பக்கத்தில் இருக்கிறது கடம்பாறை. மேலே ஓர் அணை. கீழே மேல் ஆழியாறு நீர்த்தேக்கம். இரண்டுக்கும் இடையே ஆயிரம் அடிக்கு மேற்பட்ட உயர வேறுபாடு. மலையின் வயிற்றைக் குடைந்து நிலத்தடியில் மின்நிலையம் அமைத்து, நூறு மெகாவாட் திறனுள்ள நான்கு இயந்திரங்களை வைத்தனர். 1987-இல் முதல் இயந்திரமும் 1989-க்குள் மற்றவையும் ஓடத் தொடங்கின. இவ்வியந்திரங்களின் விந்தை என்னவெனில், ஒரு திசையில் சுழன்றால் நீரைக் கீழிறக்கி மின்சாரம் தரும். மறு திசையில் சுழன்றால் மின்சாரத்தை உண்டு நீரை மேலேற்றும். மின்சாரம் மலிந்திருக்கும் இரவில் ஏற்றுவது, தட்டுப்படும் மாலையில் இறக்குவது. ஏற்றுவதற்கு நான்கு பங்கு செலவிட்டால் இறக்கும்போது ஏறக்குறைய மூன்று பங்கே திரும்பக் கிடைக்கும். அந்த ஒரு பங்கு நட்டமன்றோ என்று கேட்போர் உண்டு. தேவையற்ற வேளையின் நான்கு நெல்லைக் கொடுத்து, பஞ்ச வேளையின் மூன்று நெல்லைப் பெறுவது நட்டமாகாது என்பதே நம் கருத்து. ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலை நாடுகள் 1890-களிலேயே இந்த முறையைக் கையாண்டன. தமிழ்நாட்டில் பெருமளவில் இதைச் செய்து காட்டியது கடம்பாறையே.

மலைக்கு ஏன் போக வேண்டும், நம் ஊர்க் கண்மாய்கள் போதாவா என்று மாணவரொருவர் எம்மைக் கேட்டதுண்டு. நல்ல வினா, கணக்கே அதற்கு விடை சொல்லும். ஆயிரம் லிட்டர் நீர் ஆயிரத்து இருநூறு அடி உயரத்திலிருந்து இறங்கினால் ஏறக்குறைய ஒரு யூனிட் மின்சாரத்திற்குரிய வலிமை அதில் உண்டு. இயந்திரத் தேய்மானத்தால் கைக்கு வருவது சற்றுக் குறையும். அதே ஒரு யூனிட்டைப் பத்தடிக் கரையுள்ள கண்மாயில் பெற வேண்டுமாயின் ஒரு லட்சத்து இருபதினாயிரம் லிட்டர் இறங்க வேண்டும். ஓர் ஊரின் ஒரு மாலைப் பொழுதுக்கே கண்மாய் வற்றிவிடும். பயிருக்கு என்ன மிஞ்சும்? நீர் மட்டும் போதாது, உயரமும் வேண்டும். அவ்வுயரமோ பெரும்பாலும் மேற்கு மலையில் இருக்கிறது; அங்கே காடும் இருக்கிறது. குந்தாவில் ஐந்நூறு மெகாவாட் திட்டம் 2010-களில் கைக்கொள்ளப்பட்டு உரிய காலத்தில் முடியாமல் நீண்டதும், மேல் பவானித் திட்டம் குறித்து நீலகிரிக் காட்டின் பேரில் கவலை எழுந்ததும் இதனாலேயே.

இவ்வளவும் நிலக்கரிக் காலத்துக் கதை. காற்றின் கதை தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் 1986-இல் தொடங்கிற்று. பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய மலை இடைவெளிகளின் வழியே தென்மேற்குப் பருவக் காற்று பீறிட்டு வருகிறது. முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் ஆண்டிபட்டிப் பக்கத்திலும் ஆலைகள் காடாக எழுந்தன. இன்று தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் பத்தாயிரம் மெகாவாட்டைக் கடந்துவிட்டது. ஆனால் மே முதல் செப்டம்பர் வரை வாரி வழங்கும் காற்று, எஞ்சிய மாதங்களில் கையை விரித்துவிடும். நூற்பாலைக்காரர் ஒருவர் தம் ஆலைக்கென்று காற்றாலை நிறுவினால், ஆடியில் பிறந்த மின்சாரத்தைத் தையில் எப்படிச் செலவிடுவார்?

இதற்கு மின்வாரியம் ஒரு வழி கண்டது. காற்றுக் காலத்தில் வாரியத்திடம் மின்சாரத்தை ஒப்படைத்து, அதே நிதியாண்டுக்குள் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்; அதற்கொரு கட்டணம். வங்கியில் பணம் போடுவது போல என்று இதைச் சொன்னார்கள். ஃபிக்ஹு நூல்களைப் பயின்றவர்களுக்கு இங்கே ஒரு வேறுபாடு உடனே புலப்படும். அமானிதம் என்பது ஒன்று, கர்ழ் என்பது வேறொன்று. அமானிதமாக வைத்த பொருள் அதே பொருளாகத் திரும்ப வேண்டும். வாங்கியவர் அதைத் தொடலாகாது. கடனாகக் கொடுத்ததோ வாங்கியவரின் கையில் செலவாகிவிடும். அதற்கு நிகரான வேறொன்றை அவர் தேடித் தர வேண்டும். காற்றாலைக்காரர் அமானிதம் வைத்ததாக எண்ணினார். உண்மையில் அவர் கொடுத்தது கடன். ஆடியில் பெற்ற மின்சாரம் ஆடியிலேயே எரிந்துவிட்டது. தையில் அவருக்குத் திருப்பித் தர வாரியம் நிலக்கரி எரித்தோ வெளியே விலைக்கு வாங்கியோ ஆக வேண்டும். சேமிப்பு எங்கும் நிகழவில்லை. ஏட்டில் ஒரு வரவு மட்டுமே நின்றது. பிற்காலத்தில் புதிய ஆலைகளுக்கு இச்சலுகை சுருக்கப்பட்டதன் பின்னணி இதுவே. காற்று மிகுந்த நாள்களில் ஆலைகளை நிறுத்தச் சொன்னதும், நிறுத்தியதால் நட்டம் என்று உரிமையாளர்கள் முறையிட்டதும் தனி வரலாறு. ஏட்டு வரவைப் பெருக்குவது எளிது. உண்மைத் தேக்கத்தைக் கட்டுவது அரிது.

அந்த அருமை 2012-இல் யாவர்க்கும் விளங்கிற்று. 2008-இலிருந்தே தமிழ்நாட்டில் பற்றாக்குறை. அவ்வாண்டு ரமலான் ஜூலைப் பிற்பகுதியில் தொடங்கி ஆகஸ்டில் முடிந்தது. காற்றுப் பருவத்தின் நடுப்பகுதி. ஸஹர் நேரத்து விளக்குகளில் ஓரளவு கோயமுத்தூர்க் காற்றும் குமரிக் காற்றும் எரிந்தன எனலாம். பெருநாள் கழிந்து காற்றும் அடங்கிற்று. ஐப்பசி பிறந்தபோது மாவட்டங்கள் நாளொன்றுக்குப் பதினான்கு, பதினாறு மணி நேரம் இருளில் கிடந்தன. தலைநகருக்கு மட்டும் ஓரிரு மணி நேரமே வெட்டு. சிவகாசியில் அச்சகங்கள் நின்றன. கோவையில் சிறு பட்டறைகள் மூடின. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் மண்ணெண்ணெய் விளக்குக்குத் திரும்பினர். கடம்பாறை போன்ற நிலையம் இருந்தும் பயன் என்ன? மிஞ்சுவது இருந்தாலன்றோ ஏற்றிவைக்க இயலும்! இருளைப் பகிர்ந்துகொள்வதிலும் நீதி வேண்டும் என்பதை அந்நாளில் அரசியலார் நினைத்ததாகத் தெரியவில்லை.

ஆனால் பற்றாக்குறைக்கு முன்னும் பின்னும், ஓசையின்றி இன்னொரு தேக்கம் இயங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பெயர் வைத்தவர் இலர். அது கரிசல் காட்டுக் கிணறு. சிறு விவசாயிகளுக்கு 1984-இலும், பின்னர் 1990-ஐ ஒட்டி விவசாயிகள் அனைவருக்கும் பம்புசெட்டு மின்சாரம் இலவசமாயிற்று. இலவசம் என்றதும் நகரத்தார் முகம் சுளிப்பர். அதற்கு விவசாயி கொடுத்த விலையை அவர்கள் காண்பதில்லை. மோட்டாருக்கு வேண்டிய மும்முனை மின்சாரம் நாள் முழுவதும் வராது. பகலில் சில மணி, இரவில் சில மணி என்று வகுத்து விடப்பட்டது. ஆலைகளும் வீடுகளும் கேட்காத வேளை எதுவோ அதுவே அவருடைய வேளை. நள்ளிரவில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கையில் விளக்கும் கம்பும் ஏந்தி, பாம்பும் தேளும் திரியும் வரப்பில் நடந்து மோட்டார் போடச் சென்ற மனிதர்களை நம் வட்டத்தில் எந்தக் கிராமத்திலும் காணலாம். கால் வழுக்கிக் கிணற்றில் விழுந்தவர்களும், ஈரக் கையால் ஸ்டார்ட்டரைத் தொட்டவர்களும் உண்டு. மின்பொறியாளர் மொழியில் அது சுமையை இடம் மாற்றுதல். கடம்பாறையில் இயந்திரம் செய்த வேலையைக் கல்லுப்பட்டியில் ஒருவர் தம் உறக்கத்தைக் கொடுத்துச் செய்தார்.

இப்போது காட்சி மாறியிருக்கிறது. 2016-இல் இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 648 மெகாவாட் சூரியமின் நிலையம் எழுந்தது. ஒரே இடத்தில் அமைந்தவற்றுள் அன்று உலகின் மிகப் பெரியவற்றில் ஒன்றென்று பேசப்பட்டது. கருவேலம் மண்டிய வறண்ட பூமிக்கு வெயில் ஒரு விளைச்சலாயிற்று. அதன்பின் தென்மாவட்டங்களெங்கும் தகடுகள் பரவின. விளைவு என்னவெனில், மின்சாரம் மலிந்திருக்கும் வேளை நள்ளிரவிலிருந்து நண்பகலுக்கு இடம் பெயர்ந்துவிட்டது. மாலை ஆறரை மணிக்கு மேல் வருவதே நெருக்கடி. கடம்பாறைக்கு இதனால் வேளை மட்டுமே மாறும். இரவில் ஏற்றிய நீரை இனிப் பகலிலும் ஏற்றலாம்.

மலை கிடைக்காத இடத்துக்கு லித்தியம் மின்கலம் என்கின்றனர். கைப்பேசியில் உள்ளதன் பெருவடிவம். பெட்டி பெட்டியாக அடுக்கிவைத்தால் மாலை நேரத்து இரண்டு, நான்கு மணியைத் தாங்கும். விலை வேகமாகக் குறைந்துவருகிறது, சமவெளியில் எங்கும் வைக்கலாம், காடழிக்க வேண்டியதில்லை. எனினும் லித்தியம் ஆஸ்திரேலியச் சுரங்கத்திலும் சிலி நாட்டு உப்புப் பாலையிலும் தோண்டப்படுவது. அதைப் பக்குவப்படுத்தும் ஆலைகள் பெரும்பாலும் சீனத்தில் இருக்கின்றன. குமரப்பா உயிரோடிருந்தால் இதைத் தேக்கச் செல்வத்தின் பட்டியலில் சேர்த்திருப்பார் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் ஒரு வேற்றுமையை அவர் ஒப்பியிருப்பார் என்றும் எண்ணுகிறோம். நிலக்கரி எரிந்தால் சாம்பல், லித்தியம் எரிவதில்லை. கலம் ஓய்ந்தபின்னும் உள்ளே இருக்கிறது. பிரித்தெடுத்து மறுபடி வார்க்கலாம். அவ்வாறு எடுப்பார்களா, குப்பையில் கொட்டுவார்களா என்பது வேறு.

இரவுக் கிணற்றுக்கும் விடிவு தெரிகிறது. 2019-இல் ஒன்றிய அரசு தொடங்கிய குசும் திட்டத்தின் வழியாகவும், மாநில வேளாண்மைப் பொறியியல் துறையின் மானியத்தாலும் சூரிய மோட்டார்கள் கிணற்றடிக்கு வந்திருக்கின்றன. பாத்திக்கு நீர் வேண்டாத நாளிலும் நண்பகலில் மோட்டார் ஓடுகிறது. நீர் சிமெண்டுத் தொட்டியில் ஏறி நிற்கிறது. விடியற்காலையில் சுப்ஹு தொழுதுவிட்டுப் போய்த் தொட்டியின் அடைப்பைத் திறந்தால் வாய்க்காலில் ஓடும்.